வராத பெற்றோர் மீது போடும் பழி

“அவிங்களுக்குப் புள்ளைங்க படிப்புல அக்கறையே இல்லீங்க.” கோவையிலும் திருப்பூரிலும் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் ஐந்தாவது நிமிடம் இந்த வாக்கியம் வந்துவிடும். ஆசிரியர் அறையில் சொல்கிறார்கள். பனியன் கம்பெனி ஆபீசில் சொல்கிறார்கள். அதிகாரிகள் கூடும் கூட்டத்தில் இதையே கொஞ்சம் நாகரிகமாகச் சொல்கிறார்கள். ‘அவிங்க’ என்றால் யார்? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து திருப்பூர் லைன் வீடுகளில் குடியிருப்பவர்கள், வால்பாறை எஸ்டேட்டில் தேயிலை பறிக்கும் அசாம் குடும்பங்கள், பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார் ஆலைகளில் வேலை செய்பவர்கள். தர்மபுரியிலிருந்தும் தேனியிலிருந்தும் மதுரையிலிருந்தும் மில் வேலைக்கு வந்த நம் மாநிலத்துக்காரர்களையும் பல நேரம் இதே பட்டியலில்தான் சேர்க்கிறார்கள்.

இதற்குச் சான்றாகக் காட்டுவது நான்கு விஷயங்கள். பெற்றோர் கூட்டத்துக்கு வருவதில்லை. வீட்டுப்பாடத்தைப் பார்ப்பதில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விடுகிறார்கள். நான்கும் நடப்பவைதான். ஆனால் இவற்றிலிருந்து ‘அக்கறை இல்லை’ என்று முடிவு கட்டுவது தவறு. தவறு என்பதோடு நிற்கவில்லை, அது ஒரு வசதியாகவும் இருக்கிறது. பழியைப் பெற்றோர் தலையில் வைத்துவிட்டால் பள்ளியும் அரசும் முதலாளியும் ஊரும் செய்ய வேண்டிய வேலை எதுவும் மிச்சமில்லை என்றாகிவிடுகிறது.

கூட்டத்துக்கு வராததை முதலில் எடுத்துக்கொள்வோம். கல்வி உரிமைச் சட்டம் 2009, ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. உறுப்பினரில் முக்கால் பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். தமிழக அரசு 2022-ல் ‘நம் பள்ளி நம் பெருமை’ என்ற இயக்கம் நடத்தி இந்தக் குழுக்களுக்கு உயிர் கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் அப்போது கூட்டத்துக்கு வகுத்த நேரம் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. திருப்பூரில் அந்த நேரத்தில் தாயும் தகப்பனும் எங்கே இருப்பார்கள்? காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்கு வெளியே வரும் ‘ஒன்றரை ஷிப்ட்’ இந்த ஊரின் வாழ்க்கை முறை. பீஸ் ரேட்டில் தைக்கிறவருக்கு எழுந்து போன நேரத்துக்குக் காசு கிடையாது. பவர் டேபிளில் ஒருவர் எழுந்துவிட்டால் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களின் கையும் நின்றுவிடும். கான்ட்ராக்டர் முகம் சுளிப்பார், அடுத்த வாரம் வேலை இருக்குமா என்பது சந்தேகமாகிவிடும். சனிக்கிழமை சம்பளத்தை நம்பி வாடகையும் மளிகைக் கடனும் காத்திருக்கும் வீட்டில் வெள்ளிக்கிழமை மூன்று மணிக் கூட்டத்தின் விலை அரை நாள் கூலி. அவ்வளவு விலை கொடுத்து வந்தாலும், அங்கே பேசுவது பாதிக்கு மேல் அவருக்குப் புரியாது. வராத பெற்றோரை எண்ணும் நாம், வர முடியாத நேரத்தில் கூட்டம் வைத்த பள்ளிகளையும் எண்ணியிருக்க வேண்டும்.

பெற்றோர் பள்ளிக்கு வருவதை வைத்துத்தான் அக்கறையை அளக்க வேண்டும் என்றால், கொங்கு நாட்டின் தொழில் வரலாற்றையே மாற்றி எழுத வேண்டியிருக்கும். ஷரத் சாரி 2004-ல் வெளியிட்ட ஆய்வு நூல், திருப்பூர் முதலாளிகளில் கணிசமானவர்கள் உழவர் வீடுகளிலிருந்து வந்து, பனியன் கம்பெனியில் கூலி வேலை செய்து மேலே ஏறியவர்கள் என்பதை விரிவாகக் காட்டுகிறது. தோட்டத்தில் ஏற்றம் இறைத்த அவர்களின் பெற்றோர் எந்தப் பள்ளிக் கூட்டத்தில் போய் உட்கார்ந்தார்கள்? எந்த வீட்டுப்பாடத்தைத் திருத்தினார்கள்? அவர்களை அக்கறையற்றவர்கள் என்று இன்று யாரும் சொல்வதில்லை. ‘கஷ்டப்பட்டு ஆளாக்கினார்கள்’ என்று மேடையில் பெருமையாகச் சொல்கிறோம். அதே உழைப்பை ஒடியாவோ போஜ்புரியோ பேசும் ஒருவர் செய்தால் மட்டும் அக்கறையின்மை என்ற பெயர் எப்படி வந்தது?

அக்கறை இருப்பதற்கான அடையாளங்களைப் பார்க்க விரும்பினால் அவை கண்ணெதிரே இருக்கின்றன. தனி ஆளாக வந்தால் எட்டுப் பேர் சேர்ந்து ஓர் அறையில் தங்கிப் பணத்தை ஊருக்கு அனுப்பலாம். பெண்டாட்டி பிள்ளைகளோடு வருகிறவர் தனி வீட்டுக்கு வாடகை கொடுக்கிறார், அட்வான்ஸ் கொடுக்கிறார், மிச்சமாகும் பணம் குறைகிறது. பிள்ளையைக் கண்ணருகே வைத்து வளர்ப்பதற்காக அந்தச் செலவை ஏற்றவர் அவர். வயது ஏறிய பிள்ளையைக் கைமடிக்கவோ பிசிர் வெட்டவோ அனுப்பினால் வாரம் தவறாமல் காசு வரும் ஊர் இது. அந்தக் காசை வேண்டாம் என்று ஒதுக்கிப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் ஒவ்வொரு மாதமும் அந்தக் குடும்பம் கல்விக்காகக் கட்டும் கட்டணம்தான். எந்த ரசீதிலும் அது ஏறாததால் நம் கணக்கில் வருவதில்லை.

இந்தப் பெற்றோரிடம் உண்மையில் இல்லாதது தகவல். எந்தத் தகவல் என்பதைத் திட்டவட்டமாகச் சொல்கிறேன். இந்த விவாதம் முழுவதும் அதில்தான் நிற்கிறது.

பிறப்புச் சான்றிதழ் இல்லை என்பதற்காக ஒரு குழந்தைக்குச் சேர்க்கை மறுக்கக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு. ஜூன் மாதம் தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது 15-ஆம் பிரிவு. பழைய பள்ளியின் டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) வரத் தாமதமானாலும் சேர்க்கையை நிறுத்தக் கூடாது என்கிறது 5-ஆம் பிரிவு. படிப்பு இடையில் நின்றுபோன குழந்தையை வயதுக்குரிய வகுப்பில் சேர்த்து, மற்றவர்களோடு சமமாக வரத் தனிப் பயிற்சி தர வேண்டும் என்கிறது 4-ஆம் பிரிவு. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1-ல். லைன் வீட்டில் குடியிருக்கும் எத்தனை தாய்மாருக்கு இந்த நான்கு பிரிவுகளையும் அவர்கள் மொழியில் யாராவது சொல்லியிருக்கிறோம்? “ஆதார் எடுத்துட்டு வாங்க, டி.சி. எடுத்துட்டு வாங்க” என்று ஒருமுறை திருப்பி அனுப்பினால், மறுபடி வர இன்னொரு நாள் கூலியை இழக்க வேண்டும். இரண்டாவது முறை அவர் வரவில்லை என்றால் நாம் எழுதிக்கொள்வது, ‘பெற்றோர் ஒத்துழைக்கவில்லை’.

மேல்படிப்புக்குப் போனால் நிலைமை இன்னும் கொடுமை. அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் நம் கோவையிலேயே தொடங்கிவைக்கப்பட்டது. இவை எல்லாவற்றுக்கும் அடிப்படைத் தகுதி ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் (மாத உதவித்தொகைக்கு மட்டும் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலும்) படித்திருப்பது. பொறியியல் கலந்தாய்வில் பிற மாநிலத்தவரின் பிள்ளைகள் கலந்துகொள்ள வேண்டுமானால் எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழகத்தில் படித்திருக்க வேண்டும். அதாவது, இந்தக் கதவுகள் திறக்குமா மூடுமா என்பது ஐந்தாம் வகுப்பு முடியும்போதும் ஏழாம் வகுப்பு முடியும்போதும் முடிவாகிறது. அந்த நேரத்தில் ஒரு வருடம் ஊரில் விட்டுவிட்டு வரலாம் என்றோ, பக்கத்தில் உள்ள சின்ன ஆங்கிலப் பள்ளியில் இரண்டு வருடம் சேர்க்கலாம் என்றோ அந்தப் பெற்றோர் எடுக்கும் முடிவு, பிள்ளையின் பதினெட்டாம் வயதில் லட்சக்கணக்கான ரூபாயாகத் திரும்பி வந்து நிற்கும். ஆறாம் வகுப்பில் சொல்ல வேண்டியதைப் பன்னிரண்டாம் வகுப்பில் சொல்லிவிட்டு, தகுதியில்லை என்று கைவிரிக்கிறோம். இதில் அக்கறை இல்லாதவர் யார்?

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. நான் முதல்வன் திட்டத்தின் கீழ் 2022-ல் தொடங்கிய ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சிகள் அரசுப் பள்ளி மாணவருக்கு மேல்படிப்பின் வழிகளைக் காட்டுகின்றன. கல்லூரியில் சேராமல் விடுபட்டவர்களைத் தேடிப் பிடிக்க ‘உயர்வுக்குப் படி’ வந்தது. இரண்டும் வரவேற்க வேண்டியவை. ஆனால் இரண்டும் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகான உதவி, அதுவும் மாணவரை நோக்கிய உதவி. ஆறாம் வகுப்புக் குழந்தையின் தாய் உட்கார்ந்து கேட்க அங்கே நாற்காலி இல்லை.

“கல்விக் கண்காட்சிதான் வருஷா வருஷம் நடக்குதே” என்பார்கள். நடக்கிறது. தேர்வு முடிவுகள் வரும் பருவத்தில் கொடிசியா வளாகம் நிரம்பி வழிகிறது. அங்கே போகிறவர் கட்டணம் கட்டத் தயாராக இருப்பவர். அரங்கு எடுப்பவை பெரும்பாலும் தனியார் கல்லூரிகள். அதற்கும் ஒரு தேவை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கல்லூரி தன் இடத்தை விற்க வரும் கண்காட்சியும், பெற்றோர் தம் உரிமையைத் தெரிந்துகொள்ள வரும் கண்காட்சியும் ஒன்றாகாது. இரண்டாவது வகை நம் ஊரில் ஏறக்குறைய இல்லை. அது இல்லாத குறையைத்தான் பெற்றோரின் குறையாக்கி வைத்திருக்கிறோம்.

இதே பேச்சைக் கேட்டுச் சலித்துப் பதில் கண்ட ஊர்கள் உலகில் உண்டு. அமெரிக்காவில் மெக்சிகோவிலிருந்தும் மற்ற லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்தும் வந்த ஸ்பானிய மொழிக் குடும்பங்களைப் பற்றி நெடுங்காலம் சொல்லப்பட்டது நாம் சொல்லும் அதே வாக்கியம்தான். டெக்சஸ் மாநிலம் 1975-ல் ஆவணமில்லாத குழந்தைகளின் கல்விக்குப் பணம் தர மறுத்துச் சட்டமே போட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982-ல் அதை ரத்து செய்தது. ஆனால் தீர்ப்பு கதவைத் திறந்துவிடுமே தவிர, பெற்றோரை உள்ளே அழைத்து வராது. அந்த வேலையைச் சமூக அமைப்புகள் எடுத்துக்கொண்டன. ஸ்பானிய மொழியிலேயே கல்வித் திருவிழாக்கள் நடத்தினார்கள். 1987-ல் சான் டியேகோவில் தொடங்கிய பெற்றோர் கல்வி அமைப்பு ஒன்று ஒன்பது வார வகுப்புகள் நடத்தியது. மதிப்பெண் அட்டையை எப்படிப் படிப்பது, ஆசிரியரிடம் என்ன கேட்பது, கல்லூரிக்குப் போக எந்த வகுப்பில் எந்தப் பாடம் எடுக்க வேண்டும் என்பவைதான் பாடத்திட்டம். அரிசோனாவின் டூசான் நகரில் ஆசிரியர்களே மெக்சிகோ வம்சாவளி மாணவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பார்த்தார்கள். விவசாயம், சுரங்கம், கட்டுமானம், மூலிகை மருத்துவம் என அந்த வீடுகளில் குவிந்திருந்த அறிவை 1992-ல் வெளியான அவர்களுடைய ஆய்வு பதிவு செய்தது. வெறும் வீடுகள் என்று நினைத்தவற்றை நிறைந்த வீடுகளாகப் பார்த்த பிறகு அவர்கள் பாடம் நடத்திய விதமே மாறியது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் போதும். எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017 முதல் ‘ரோஷ்னி’ என்ற திட்டம் வெளிமாநிலத் தொழிலாளர்களின் குழந்தைகளுக்கு அவர்கள் மொழியின் கைப்பிடித்தே மலையாளம் கற்பித்து வருகிறது. பீகாரிலிருந்து கொச்சிக்கு வேலைக்கு வந்த தொழிலாளி ஒருவரின் மகள் 2020-ல் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் இளங்கலைத் தேர்வு ஒன்றில் முதலிடம் பெற்றார். அந்தத் தகப்பனுக்கு அக்கறை இல்லை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? அவரைப் போன்றவர்கள் கணவாய்க்கு இந்தப் பக்கமும் இருக்கிறார்கள்.

அடுத்த வாதம் மொழி. “தமிழே தெரியாதே, எப்படிப் படிக்கும்?” கோவையில் இருந்துகொண்டு இதைக் கேட்பது வியப்பாக இருக்கிறது. வீட்டில் தெலுங்கு பேசும் நாயுடு குடும்பங்கள், கன்னடமும் தெலுங்கும் பேசும் தேவாங்கர்கள், தெலுங்கு பேசும் அருந்ததியர், எல்லைக்கு அப்பாலிருந்து வந்த மலையாளிகள், ஜவுளி வியாபாரத்துக்கு வந்த குஜராத்திகள், மார்வாடிகள் எல்லோரும் சேர்ந்து கட்டிய நகரம் இது. வீட்டில் ஒரு மொழி, வீதியில் தமிழ் என்று தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள் நாம். தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் 2006, பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. கட்டாயப்படுத்துகிறவருக்குக் கற்பிக்கும் கடமையும் உண்டு. லைன் வீட்டு வாசலில் ஆறு மாதம் மற்றக் குழந்தைகளோடு விளையாடிய பிள்ளை, கடைக்காரரிடமும் டாக்டரிடமும் பெற்றோருக்காகத் தமிழில் பேசுவதைத் திருப்பூரில் எங்கும் பார்க்கலாம். கற்கும் திறமை அந்தக் குழந்தையிடம் இருக்கிறது. அந்தத் திறமையைப் பேச்சிலிருந்து எழுத்துக்குக் கொண்டுவரும் முதல் வருடத் துணைதான் தேவை.

“எப்படியும் ஊருக்குப் போயிருவாங்க, அவிங்களுக்கு எதுக்கு இவ்வளவு?” என்பது மூன்றாவது. சிலர் போகத்தான் செய்கிறார்கள். செங்கல் சூளை வேலைக்கு வருகிறவர்கள் மழை தொடங்கினால் கிளம்புகிறார்கள். ஆனால் பனியன் தொழிலில் குடும்பத்தோடு வந்தவர்கள் வருடக்கணக்கில் இங்கேயே இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இங்கே பிறந்து இங்கே ரேஷன் கடைக்கும் அங்கன்வாடிக்கும் நடக்கிறார்கள். 2020 ஊரடங்கில் ரயில் ஏறிப் போனவர்களை, தொழில் மறுபடி சூடுபிடித்ததும் திரும்பக் கூப்பிட்டது இதே ஊர்தான். வெளிமாநிலத் தொழிலாளர்கள் இங்கே தாக்கப்படுவதாக 2023 மார்ச்சில் பொய் வீடியோக்கள் பரவியபோது, “பயப்படாதீங்க, நீங்க எங்க ஆளுங்க” என்று அவர்கள் மொழியிலேயே அறிவிப்புச் செய்தார்கள் அதிகாரிகளும் தொழில்துறையினரும். உற்பத்தி நின்றுவிடும் என்ற அச்சம் வந்தபோது நமக்கு அவர்கள் மொழியில் பேசத் தெரிந்தது. பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேச மட்டும் தெரியாமல் போகுமா? போகிற குடும்பத்துக்கும் நம் கடமை குறைவதில்லை. எந்த ஊர் போனாலும் செல்லுபடியாகும் டி.சி.யும், எதுவரை படித்தது என்ற பதிவும் அந்தக் குழந்தைக்குத்தான் மற்ற எவரையும்விட அதிகம் தேவை.

நான்காவது வாதம் கசப்பானது: “நம்ம புள்ளைங்களுக்கே பத்தல.” இதைச் சொல்கிறவர்களின் கவலையை நான் மதிக்கிறேன், ஆனால் அவர்கள் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள். தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், தொண்ணூறு வரை மூன்று, நூற்றிருபது வரை நான்கு என்று கல்வி உரிமைச் சட்டம் வகுத்திருக்கிறது. உள்ளூர்க் குடும்பங்கள் தனியார் பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி அனுப்பிய பிறகு, அரசுப் பள்ளியின் வருகைப் பதிவேட்டை நிரப்புவது யார்? வெளியூர்க் குழந்தைகள் முப்பது பேர் சேர்ந்தால் ஓர் ஆசிரியர் பணியிடத்துக்கு நியாயம் பிறக்கிறது. அந்த ஆசிரியர் உள்ளூர்ப் பிள்ளைக்கும் சேர்த்தே பாடம் நடத்துகிறார். பள்ளி மூடாமல் இருப்பதற்கு அந்தக் குழந்தைகளும் ஒரு காரணம்.

ஆசிரியர்கள் சொல்லும் ஒரு மறுப்பு மட்டும் நியாயமானது. கணினியில் பதிவேற்றும் வேலையே கழுத்தை நெரிக்கும்போது இதையும் எங்கள் தலையில் கட்டாதீர்கள் என்கிறார்கள். கட்டக் கூடாதுதான். இது ஊர் செய்ய வேண்டிய வேலை, ஊர் முன்பு செய்த வேலையும்கூட. காமராசர் ஆட்சியில், நெ.து. சுந்தரவடிவேலு பொதுக் கல்வி இயக்குநராக இருந்தபோது, 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. கிராமத்து மக்கள் பெஞ்சும் கரும்பலகையும் கட்டடமும் சீருடையும் தந்தார்கள். தந்தவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருந்தார்கள். படிக்காத பெற்றோருக்குப் படிப்பில் அக்கறை இருக்காது என்ற வாதத்துக்குத் தமிழ்நாடு அறுபது வருடங்களுக்கு முன்பே பதில் சொல்லிவிட்டது. அன்று அரசு மக்களைத் தேடிப் போய் மரியாதையோடு அழைத்தது, மக்கள் வந்தார்கள். 2021-ல் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்துக்குத் தன்னார்வலர்கள் திரண்டதும் அப்படித்தான்.

ஆகவே நான் கேட்பது இது. திருப்பூரிலும் கோவையிலும் தொழிலாளர் அதிகம் வாழும் ஒவ்வொரு வார்டிலும், மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடியிருப்பின் நடுவிலேயே கல்வித் திருவிழா நடக்க வேண்டும். இந்தியிலும் ஒடியாவிலும் வங்காள மொழியிலும் அசாமியிலும் பேசக்கூடிய ஆள் ஒவ்வொரு மேசையிலும் இருக்க வேண்டும். அந்த ஆட்கள் அதே லைன் வீடுகளில் கிடைப்பார்கள், அவர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். ஒரு மேசையில் அங்கேயே பள்ளிச் சேர்க்கை. ஒரு மேசையில் ஆதாரும் வங்கிக் கணக்கும். ஒரு மேசையில் கண் பரிசோதனை. ஒரு மேசையில் ஆறாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் எடுக்க வேண்டிய முடிவுகள் என்னென்ன, எந்தத் தகுதி எங்கே தொடங்குகிறது என்பதை எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்படி விளக்க ஒருவர். மாநகராட்சி இடம் தரட்டும், ஏற்றுமதியாளர்கள் செலவை ஏற்கட்டும், தொழிலாளர் துறை ஆட்களைத் தரட்டும். அதன் பிறகு மாதக் கூட்டத்தை ஞாயிறு காலைக்கு மாற்றுங்கள். மேலாண்மைக் குழுவில் வெளிமாநிலத் தாய் ஒருவருக்கேனும் இடம் கொடுங்கள். வெள்ளிக்கிழமைதான் வைக்க முடியும் என்றால், கூட்டத்துக்குப் போகும் தொழிலாளிக்கு அரை நாள் சம்பளத்தோடு விடுப்புத் தருவோம் என்று கம்பெனிகள் அறிவிக்கட்டும்.

ஒரு நாள் திருவிழா எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்று நான் நம்பவில்லை. சான் டியேகோவில் ஒன்பது வாரம் தேவைப்பட்டது, நமக்கு இன்னும் கூடத் தேவைப்படலாம். ஆனால் கேட்கும் மொழியில் சொல்லி, வர முடிந்த நேரத்தில் கூப்பிட்டு, வந்தவரை உட்காரவைத்துப் பேசிய பிறகும் ஒரு பெற்றோர் திரும்பிப் பார்க்கவில்லை என்றால், அன்றைக்கு அவரிடம் அக்கறை உண்டா என்று கேளுங்கள். அதுவரை அந்தக் கேள்வியைக் கேட்கும் தகுதி நமக்கு இல்லை. அவர்கள் தைத்த துணியில்தான் இந்த ஊர் செழிக்கிறது. அவர்கள் பிள்ளைகளுக்கு இந்த ஊர் ஒரு பள்ளிக்கூடத்தைக் கடன்பட்டிருக்கிறது. வரும் ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் அந்தக் கடனை அடைக்கத் தொடங்க வேண்டும்.